பூவரசூர் பேக்கப் முடிந்த விதம்

பூவரசூர்க்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்பவர்கள் பூவரசூரைப் பார்த்ததில்லை. அங்கே அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழிக்கும் வழக்கம் இல்லாததால், பிறந்தபோது கொண்டுவந்த அளவு ஒவ்வொருவரிடமும் அப்படியே இருக்கிறது. அந்த ஊர் அப்பள ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் மட்டும் நான்கு பேருடைய அறிவு கைபடாமல் பாதுகாக்கப்பட்டு வந்தது.

பிரிவுத் தலைவர் பரஞ்சோதி. வயது ஐம்பத்து மூன்று. நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார். அதற்கு மேல் யோசிப்பதைத் திமிர் என்று நினைப்பவர். அடுத்தவர் குஞ்சிதபாதம். எது நடந்தாலும் ஐந்தே நிமிடத்தில் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். சில சமயம் நடப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டுக் காத்திருப்பார். மூன்றாமவர் லூர்துசாமி. எதையாவது காவல் காக்கச் சொன்னால் போதும், அன்றைக்குச் சாப்பாடுகூட வேண்டாம். நான்காமவர் செண்பகவல்லி. நால்வரில் புத்திசாலி அவர்தான் என்று மற்ற மூவரும் சொல்வார்கள். அந்த மூவரின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வாசகரின் விருப்பம்.

நிறுவனத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அங்கே எந்த மெயில் அனுப்பினாலும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்புவது கோள்சொல்வதாகும். மெயில் கிடைத்தவர் ‘கிடைத்தது’ என்று எல்லாருக்கும் பதில் போட வேண்டும். போடாவிட்டால் அனுப்பியவரை அவமதித்ததாகும். இப்படி மரியாதையிலேயே கொழுத்துப்போன மெயில் சர்வர் ஒன்று, குளிரூட்டிய அறையில் ஒரு மேசையின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதிலுள்ள மெயில்களையெல்லாம் வாரம் ஒரு முறை இன்னொரு பெட்டியில் நகலெடுத்து வைப்பார்கள். அதுதான் பேக்கப். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் கூரை ஒழுகி, சிங்கப்பூர் ஆர்டர் ஒன்று மெயிலோடு போய்விட்டது. அன்றைக்கு நிர்வாக இயக்குநர் ஓர் உத்தரவு போட்டார்: ‘ஒரு மெயில்கூட விடுபடாமல் பேக்கப் முடியும்வரை, பிரிவுத் தலைவர் சர்வரை விட்டு ஊரைத் தாண்டக் கூடாது.’ பரஞ்சோதி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

நம் கதை நடந்த வியாழக்கிழமை காலையில் பேக்கப்பைத் தொடங்கிவிட்டுப் பரஞ்சோதி திரையைப் பார்த்தார். ‘மீதமுள்ள நேரம்: 96 மணி’ என்று இருந்தது. அதாவது திங்கட்கிழமை வரை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சிதம்பரத்தில் அவருடைய ஒரே மகள் இளவெயினிக்கு நிச்சயதார்த்தம். பூவரசூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேர் பஸ் ஒன்றுதான். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு.

சிதம்பரத்திலிருந்து மனைவி மரகதம் போன் செய்தார்.

“என்னங்க, தட்டு எண்ணியாச்சு. பூவுக்குச் சொல்லியாச்சு. அவங்க இருபத்தஞ்சு பேருன்னாங்க, நாப்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியாச்சு. இன்னும் உறுதியாகாம இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். வர்றீங்களா, இல்லையா?”

“பேக்கப் முடிஞ்சா வந்துடறேன், மரகதம்.”

“பொண்ணோட அப்பா எங்கேன்னு அவங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

“தொண்ணூத்தாறு மணி நேரம்னு சொல்லு.”

போன் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து அறையில் இருந்த செண்பகவல்லிக்கே கேட்டது.

உடனே கோயம்புத்தூரில் இருந்த சாருலதாவைக் கூப்பிட்டார்கள். பேக்கப் மென்பொருளை நிறுவிக் கொடுத்த பொறியாளர் அவர். எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிக்கொடுப்பார். பூவரசூருக்கு நேரில் வந்ததில்லை. அதனால் அவரிடம் இன்னும் பொறுமை மிச்சமிருந்தது.

“சார், உங்க பஃபர் ரொம்பச் சின்னது. அறுபத்து நாலுலேயே வச்சிருக்கீங்க. நெல்லைக் கையால அள்ளி மூட்டை கட்டற மாதிரி. முறத்தால அள்ளினா சீக்கிரம் முடியுமில்லையா? பஃபர்னா அதுதான். ஒரு தடவைக்கு எவ்வளவு அள்ளணும்ங்கிற அளவு.”

இதைக் கேட்டவுடன் நால்வரும் முறம் வாங்கக் கடைக்கு ஓடினார்கள் என்று எதிர்பார்க்கும் வாசகர் பூவரசூரைக் குறைத்து மதிப்பிடுகிறார். முறம் என்பது உவமை என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிட மோசமாக, சாருலதா அடுத்துச் சொன்னதையெல்லாம் அவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்கள்.

“அளவை ரெண்டு மடங்கு, ரெண்டு மடங்கா ஏத்திப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் பேக்கப்பை முதல்லேருந்து தொடங்கணும். என்ன வேகம் வருதுன்னு குறிச்சு வைங்க. எங்க வேகம் குறைய ஆரம்பிக்குதோ அங்க நிறுத்திடுங்க. இன்னொண்ணு, பேக்கப் ஓடறப்ப சர்வர்ல யாரும் வேலை செய்ய வேண்டாம். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

எல்லாரிடமும் சொல்ல பூவரசூரில் ஒரே வழிதான். பரஞ்சோதி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மெயில் அனுப்பினார்: ‘பேக்கப் நடப்பதால் தயவுசெய்து யாரும் மெயில் அனுப்ப வேண்டாம்.’

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ‘கிடைத்தது, அனுப்ப மாட்டோம்’ என்று எல்லாருக்கும் பதில் அனுப்பினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டை இருநூற்றுப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். நாற்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு.

“சார், பதில் போடறதும் மெயில்தானே?” என்றார் செண்பகவல்லி.

மூவரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறாரே என்று பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது. உடனே ‘பதில் போடுவதும் மெயில்தான் என்பதை அறியவும்’ என்று அனைவருக்கும் ஒரு மெயில் போடச் செய்தார். தவறை உணர்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். மன்னிப்பு என்பதால் சற்று விரிவாகவே எழுதினார்கள்.

பிறகு பஃபரை அறுபத்து நாலிலிருந்து நூற்றிருபத்தெட்டாக்கினார்கள். வேகம் உண்மையிலேயே கூடியது. லூர்துசாமி கைதட்டினார். ‘குறிச்சு வைங்க’ என்று சாருலதா சொல்லியிருந்தாரல்லவா? செண்பகவல்லி திரையைப் புகைப்படம் எடுத்து, நல்ல தெளிவான படம், எல்லாருக்கும் அனுப்பிவைத்தார். எல்லாரிடமும் இருந்தால் தொலையாது. எல்லாரும் படத்தோடு சேர்த்துப் பாராட்டுப் பதில் போட்டார்கள்.

இருநூற்றைம்பத்தாறு. படம். பாராட்டு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. படம், பாராட்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஆயிரத்து இருபத்து நாலுக்கு வந்தபோது சர்வர் இதுவரை காணாத வேகத்தில் அள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் திரையில் ‘மீதமுள்ள நேரம்: 130 மணி’ என்று இருந்தது.

பரஞ்சோதி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வேகம் கூடியிருக்கு. நேரமும் கூடியிருக்கு. இது எப்படி ஐயா?”

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரணம் தயாராக இருந்தது.

“சார், நான் சைக்கிள் வச்சிருந்தப்ப எதுவரைக்கும் போவேன்?”

“ரயில்வே கேட் வரைக்கும்.”

“மோட்டார் சைக்கிள் வாங்கின பிறகு?”

“திருவாரூருக்கே போறீங்க.”

“திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுது?”

“ராத்திரி ஆயிடுது.”

“அவ்வளவுதான் சார். வேகம் கூடினா தூரம் கூடுது, தூரம் கூடினா நேரம் கூடுது. இதுல சர்வர் மேல என்ன தப்பு?”

“அண்ணே, அப்ப மறுபடி சைக்கிளுக்கே போயிட்டா?” என்றார் லூர்துசாமி.

“அப்ப ரயில்வே கேட்டோட நின்னுடுமே. சிங்கப்பூர் ஆர்டரை யார் நகலெடுக்கிறது?”

ஆகவே பஃபரை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாக்கினார்கள். வேகம் சட்டென்று குறைந்தது. பரஞ்சோதி குறிப்பேட்டைப் புரட்டினார். ‘எங்க வேகம் குறைய ஆரம்பிக்குதோ அங்க நிறுத்திடுங்க’ என்று இருந்தது. பேக்கப்பை நிறுத்தினார். விளக்கையும் அணைத்துவிட்டு நால்வரும் வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சாருலதா போன் செய்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தார்.

“நிறுத்திட்டோம்மா.”

“எதை?”

“பேக்கப்பை. நீங்க சொன்னபடி.”

சாருலதா இந்த இரண்டு நாளில் அனுப்பப்பட்ட மெயில்களின் எண்ணிக்கையைக் கேட்டார். பரஞ்சோதி பெருமையோடு சொன்னார்.

“சார், கவனமாக் கேளுங்க. அந்தப் பாராட்டு, மன்னிப்பு, படம் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. பஃபரை ஆயிரத்து இருபத்து நாலுல வைங்க. தொடங்குங்க. யாரும் எதையும் தொடாதீங்க. யாரும் யாருக்கும் எதையும் அனுப்பாதீங்க. இதையும் மெயில்ல சொல்லாதீங்க. வாயால சொல்லுங்க. நாலு மணி நேரத்துல முடியும்.”

ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். மெயில் இல்லாமல் செய்தி சொல்வது எப்படி என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, லூர்துசாமி ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். ‘கிடைத்தது’ என்று சொல்ல வாயெடுத்தவர்களைக் கையமர்த்தினார். கைகள் தவறிப்போய் விசைப்பலகையில் பட்டுவிடக் கூடாது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பள நிறுவனத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. மாவு பிசையும் கூடத்தில் யாரோ தும்மியதற்குக்கூட மூன்று பேர் முறைத்தார்கள்.

பரஞ்சோதி திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி; பெட்டியில் பட்டு வேட்டி. நாற்பது சதவீதம். அறுபத்தைந்து. எண்பத்தெட்டு. மரகதம் இரண்டு முறை கூப்பிட்டார். போனில் பேசினால் சர்வருக்கு இடைஞ்சலாகுமோ என்று எடுக்கவில்லை.

ஒன்று இருபத்தைந்துக்கு நூறு சதவீதம் வந்தது. “முடிஞ்சுது! சார், முடிஞ்சுது!” என்று லூர்துசாமி பரஞ்சோதியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அந்த நேரத்தில் சர்வரில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். மெயில் ஒன்று வந்திருந்தது. ‘பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது’ என்று சர்வர் தானாகவே எழுதியிருந்தது.

பரஞ்சோதி பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றார் குஞ்சிதபாதம். “இந்த மெயில் பேக்கப்புல இருக்கா?”

பரஞ்சோதி நின்றார்.

“பேக்கப் முடிஞ்ச பிறகுதானே இது வந்துச்சு? அப்ப இது எப்படி அதுக்குள்ள இருக்கும்?”

நால்வரும் சுவரில் மாட்டியிருந்த உத்தரவைப் பார்த்தார்கள். ஒரு மெயில்கூட விடுபடாமல் என்று அதில் தெளிவாக இருந்தது.

“மறுபடி ஓட்டினா இதுவும் சேர்ந்துடும்” என்றார் லூர்துசாமி.

“சேர்ந்துடும். முடிஞ்சதும் இன்னொண்ணு வரும்” என்றார் செண்பகவல்லி.

“அதையும் சேர்த்துட்டா?”

“அதுக்கும் ஒண்ணு வரும்.”

லூர்துசாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு கையும் தீர்ந்த பிறகு நிறுத்தினார். பரஞ்சோதி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு ஒரே பொண்ணு” என்றார்.

குஞ்சிதபாதத்துக்கு அன்றைக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. நண்பர் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் உத்தரவையே மறுபடி மறுபடி படித்தார். ஐந்தாவது முறை படிக்கும்போது முகம் மலர்ந்தது.

“சார், இதுல பரஞ்சோதின்னு எங்கயாவது இருக்கா?”

“இல்லையே. பிரிவுத் தலைவர்னுதான் இருக்கு.”

“அப்ப நீங்க போகலாம். பிரிவுத் தலைவர்தான் போகக் கூடாது. பொறுப்பை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க.”

பரஞ்சோதி துள்ளி எழுந்தார். “நீங்க ஏத்துக்கிறீங்களா?”

“நான் எப்படி சார்? நிச்சயத்துக்கு எனக்கு அழைப்பு வச்சிருக்கீங்களே.”

“லூர்து?”

“நானும் வர்றேனே சார். புதுச் சட்டைகூட எடுத்துட்டேன்.”

செண்பகவல்லி கேட்காமலே தலையாட்டினார். அவரும் புடவை எடுத்திருந்தார். நால்வரையும் தவிர அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. மணி இரண்டே முக்கால்.

“நமக்கு வேண்டியது, சர்வரை விட்டு நகராத ஒருத்தர்” என்றார் பரஞ்சோதி துயரத்தோடு. “அப்படி யார் இருக்காங்க?”

செண்பகவல்லி யோசித்தார். “சர்வரே இருக்கே சார்” என்றார். “அது என்னைக்கு சர்வரை விட்டு நகர்ந்திருக்கு?”

இவர்தான் புத்திசாலி என்று நாம் சொன்னது சரிதான் என்பதுபோல் மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தை மூன்று பிரதிகள் எழுதினார்கள். ஒப்படைப்பவர்: பரஞ்சோதி. ஏற்றுக்கொள்பவர்: மெயில் சர்வர். கையெழுத்து என்ற இடத்தில்தான் சிக்கல். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம் என்று விதி இருப்பதைக் குஞ்சிதபாதம் எடுத்துக் காட்டினார். சர்வரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மைப்பெட்டியில் ஒற்றி, மூன்று பிரதியிலும் வைத்தார்கள். காற்றுத் துளைகள் நாலு வரிசையாகத் தெளிவாக விழுந்தன. நிர்வாக இயக்குநர் மூன்று பிரதி இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். பரஞ்சோதி தம் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு, ‘பிரிவுத் தலைவர்’ என்ற பலகையை சர்வரின் தலைமேல் வைத்தார். விடுபட்ட மெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் இனி புதிய தலைவர்தான். நால்வரும் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரத்தில் எல்லாம் சீராகவே நடந்தது. பத்தரைக்கு முன்பே தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. இளவெயினி பட்டுப்புடவையில் வந்து எல்லாரையும் வணங்கினாள். தாம்பூலம் மாற்றப்போகும் நேரத்தில், மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டார். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் அவர். கேட்டதையே இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்.

“சம்பந்தி, நீங்க அப்பள ஆபீஸ்ல பிரிவுத் தலைவர்தானே?”

மரகதம் கணவனைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் பரஞ்சோதி பொய் சொல்லிப் பழகியவர் அல்ல.

“இல்லீங்க” என்றார்.

கூடத்தில் சலசலப்பு. “தலைவர்னு சொல்லித்தானே ஜாதகம் கொடுத்தாங்க?” என்று மாப்பிள்ளையின் அத்தை காதும் காதும் வைத்ததுபோல் கேட்டது கூடம் முழுவதும் கேட்டது. மரகதம் கையில் இருந்த குங்குமச்சிமிழை மூடினார்.

“அப்ப தலைவர் யாரு?”

“சர்வர்தாங்க. நேத்துதான் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க.”

“சர்வர்னா? மெஷினா?”

“ஆமாங்க. மெயில் மெஷின்.”

“மெஷினுக்குக் கீழேயா வேலை பாக்கறீங்க?”

“ஆமாங்க.”

வைத்திலிங்கம் திரும்பி, பெங்களூரில் வேலை பார்க்கும் தம் மகனைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை படர்ந்தது.

“எங்க பையன் ஆபீஸும் அப்படித்தான். இந்த நிச்சயத்துக்கு லீவு கேட்டதுக்கு, சிஸ்டம் ஒத்துக்கலைப்பான்னு மூணு வாரம் அலைஞ்சான். அவ்வளவு பெரிய கம்பெனி! அப்பள ஆபீஸும் அந்த அளவுக்கு வந்துடுச்சா?”

“நேத்து மத்தியானத்துலேருந்துங்க.”

“உங்க தலைவர் உங்களுக்கு லீவு கொடுத்தாரா?”

“மறுக்கலைங்க.”

“தங்கமான குணம்! எங்க பையனோடது மாதிரி இல்லை. ஆளு எப்படி?”

“அமைதியானவர்” என்று குஞ்சிதபாதம் இடையில் புகுந்தார். “பதினோரு வருஷ சர்வீஸ். வேலை அதிகமானா கொஞ்சம் சூடாவார், அவ்வளவுதான். எப்பவும் ஏசி அறையிலதான் இருப்பார்.”

“நேத்துத்தான் பஃபரை ஆயிரத்து இருபத்து நாலாக்கினோம்” என்றார் லூர்துசாமி.

“அடேயப்பா!” என்றார் வைத்திலிங்கம். பஃபர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் எண் பெரிதாக இருந்தது. “ஏசி அறை, இத்தனை வருஷ சர்வீஸ், கோபம் கிடையாது. சம்பந்தி, இப்படிப்பட்டவரை இங்க கூட்டிட்டு வராம விட்டுட்டீங்களே?”

“அவர் இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு இருக்குங்க.”

“நிச்சயத்துக்கு வராட்டிப் போகட்டும். கல்யாணத்துக்கு அவர்தான் தலைமை. அதுக்குச் சம்மதம்னா இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாம்.”

பரஞ்சோதி சம்மதித்தார். வைத்திலிங்கம் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் சம்மதித்தார். தாம்பூலம் மாறியது. மரகதம் குங்குமச்சிமிழைத் திறந்தார்.

தை மாதத்தில் கல்யாணம். அழைப்பிதழின் முதல் படி அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. ‘தலைமை: உயர்திரு மெயில் சர்வர் அவர்கள். முன்னிலை: திரு. பேக்கப் அவர்கள்’ என்று தங்க எழுத்தில் அழகாக இருக்கிறது. ‘வாழ்த்துரை’ என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதையும் தலைவரே வழங்குவாரா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். நால்வரும் அவருக்கே மெயில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்திருக்கிறது. தலைவரின் பதிலுக்காக அச்சகக்காரரும், மேடைக்கு எத்தனை மைக் வேண்டும் என்று அவரே சொல்லட்டும் என்று பந்தல்காரரும் காத்திருக்கிறார்கள்.